சென்னைப் புழுக்கம்: புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பதினைந்து நாள் வழிகாட்டி

நான் தாராபுரம் பக்கத்துக்காரன். 39, 40 டிகிரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அதனால் ஏப்ரல் மாதம் வேலைக்குச் சென்னை வந்தபோது போனில் 34 டிகிரி என்று பார்த்துவிட்டு, "ஊரைவிடக் குறைவுதானே" என்று தைரியமாக இருந்துவிட்டேன். மருந்துக்கடைகளில் ஆர்டர் எடுக்கும் வேலை. பைக்கில் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கடை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். வானம் மூட்டமாக இருந்தது, வெயிலே இல்லை. ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது கால் பின்னியது, கண் இருட்டியது. படியில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுகோஸ் ஏற்றி, 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு, "வெயில்ல அலையாதீங்க தம்பி" என்று அனுப்பிவைத்தார்கள். வெயிலில்தான் அலையவே இல்லையே என்று எனக்கு ஒரே குழப்பம்.

அந்தக் குழப்பம் தெளிய இரண்டு மாதம் ஆனது. வெளியூரிலிருந்து, குறிப்பாகக் கோவை, ஈரோடு, தருமபுரி மாதிரி வறண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் சரியான எண்ணைப் பாருங்கள்

வியர்வை வழிவதால் உடம்பு குளிராது. வியர்வை காய்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் சட்டையை நனைத்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் பயன் மிகக் குறைவு. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சென்னையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நம் வியர்வைக்கு அங்கே இடமில்லை.

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிற ஓர் அளவு உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் எவ்வளவு இறங்குமோ அதுதான். ஊரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் இது சுமார் 24 வரும். சென்னையில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29க்கு மேல். இப்போது புரிகிறதா, நான் ஏன் படியில் உட்கார்ந்தேன் என்று? இந்த எண் 35ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கும் சில மணி நேரத்தில் உயிராபத்து என்பது ஆய்வாளர்கள் 2010இல் கணக்குப் போட்டுச் சொன்ன எல்லை. பிறகு 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களை ஆய்வு அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் சுமார் 31லேயே உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது தெரிந்தது. வயதானவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

வானிலைச் செயலிகளில் ஈரக்குமிழ் அளவு பெரும்பாலும் இருக்காது. அதனால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 'ஃபீல்ஸ் லைக்'. 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் அது 41 போல உறைக்கும். இந்தக் கணக்கு நிழலுக்குப் போட்டது. நேர் வெயிலில் நின்றால் மேலும் 8 டிகிரி வரை கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, 'ட்யூ பாயிண்ட்', தமிழில் பனிநிலை. காற்றிலிருக்கும் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. இது 24ஐத் தாண்டினாலே கசகசப்பு. சென்னையில் கோடையில் 25, 26 என்பது சர்வசாதாரணம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலை ஆறு மணிக்கு 85 என்று காட்டும், மதியம் 55 என்று காட்டும். மதியம் உலர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காற்று சூடானதால் அதே ஈரம் சதவீதத்தில் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பனிநிலை அப்படி நம்மை ஏய்க்காது.

இன்னொன்று. "வெப்ப அலை எச்சரிக்கை வரலையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கடலோர ஊர்களில் அதிகபட்ச வெப்பம் 37ஐத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்று சொல்லும். நான் விழுந்த அன்று எந்த எச்சரிக்கையும் இல்லை.

2. அறை பார்க்கப் போகும் நேரம்

காலை பத்து மணிக்கு அறை பார்த்து அட்வான்ஸ் கொடுத்தது நான் செய்த பெரிய தப்பு. வேளச்சேரியில் மொட்டைமாடி அறை. வாடகை குறைவு, காற்றோட்டம் பிரமாதம் என்றார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சூட்டைக் கக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பகலில் சூடேறிய உடம்பு ராத்திரியில் ஆறவேண்டும். ஆறாவிட்டால் மறுநாள் கடனோடு தொடங்குவீர்கள்.

அறை பார்க்க ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சுட்டால் வேண்டாம். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருக்கிறதா, அவற்றைத் திறக்க முடிகிறதா (கொசுவலை இருக்கிறதா என்பதும் இதில் சேர்த்தி) என்று பாருங்கள். மேல்தளத்தைத் தவிர்க்க முடியாவிட்டால், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை மொட்டைமாடியில் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டால்தான் நடக்கும்.

கடற்காற்று பற்றி ஒரு வார்த்தை. கோடையில் அது சாதாரணமாக மதியத்தை ஒட்டிக் கரையேறும். திருவான்மியூர், அடையாறுக்கு முதலில், அம்பத்தூர், ஆவடிக்குப் பின்னால். மேற்குக் காற்று பலமாக வீசித் தடுத்தால் தாமதமாகும், அன்றைக்குத்தான் 40ஐத் தாண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கடற்காற்று வந்தால் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும், ஆனால் வீசுகிற காற்று வியர்வையைக் காயவைக்கும். அது அடங்கிய பிறகு, ஓர் இலைகூட அசையாத ராத்திரிதான் மோசம்.

3. முதல் பதினான்கு நாள் கணக்கு

இதை மட்டும் படித்தால்கூடப் போதும் என்பேன்.

உடம்பு புது வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், இதயத் துடிப்பும் அவ்வளவாக எகிறாது. அதற்கு முன் முழு வேலை செய்தால்தான் ஆபத்து. அமெரிக்கத் தொழிலாளர் நல அமைப்புகள் சொல்லும் ஒரு கணக்கு இது. புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம்.

நடைமுறையில் எந்த மேனேஜர் இதற்கு ஒத்துக்கொள்வார்? எனக்குத் தெரியும். அதனால் வேலையைக் குறைக்க முடியாதவர்கள் நேரத்தை மாற்றுங்கள். முதல் வாரம் மாடி ஏறும் கடைகளைக் காலை பதினொன்றுக்குள் முடியுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலையை வையுங்கள். சேரும் தேதியைப் பேசும்போதே, "வெளிவேலை முதல் வாரம் பாதி நாள் கொடுங்கள்" என்று வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

முழு நேரமும் ஏசியில் இருந்தால் உடம்பு பழகாது. அதற்காகச் சித்திரவதையும் வேண்டாம். தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெளியே நடமாடினால் போதும்.

வேலை நடுவே ஒதுங்க இடம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நிலத்தடி மெட்ரோ நிலையங்களும் அப்படித்தான், குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கென்று அண்ணா நகரிலும் தி. நகரிலும் மாநகராட்சி 2025இல் ஏசி ஓய்வறைகள் திறந்திருக்கிறது. கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் அதே ஆண்டு ஓடத் தொடங்கியது. கூட்டநெரிசல் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிற நாள்களில் அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

4. ஏர் கூலர் வாங்காதீர்கள்

ஊரிலிருந்து வந்த என் அறை நண்பன் 6,500 ரூபாய்க்கு ஏர் கூலர் வாங்கினான். இரண்டாம் நாள் போர்வை ஈரம், நான்காம் நாள் சுவரில் பூஞ்சை. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கும். வறண்ட ஊருக்கு அருமையான பொருள். ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைக் கலந்து, வியர்வை காயக் கிடைத்த கொஞ்சம் வாய்ப்பையும் அது கெடுத்துவிடும். ஓ.எல்.எக்ஸில் 2,200க்குத் தள்ளிவிட்டான், அதுவும் திருவண்ணாமலைக்காரர் ஒருவருக்கு.

மின்விசிறி நிச்சயம் உதவும். 34, 36 டிகிரியில் ஓடும் காற்றுதான் வியர்வையைக் காயவைக்கும். அறைக்குள் 40 ஆகிவிட்டால் விசிறி மட்டும் போதாது, அனல் காற்று மாதிரி ஆகிவிடும். அப்போது உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு விசிறியடியில் இருக்கவேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 40 வரை காத்திருக்கவே வேண்டாம், அவர்களுக்கு வியர்வையே குறைவு. 350 ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. நான் வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான்.

ஏசி போட முடிந்தால் 26இல் வைத்து விசிறியையும் சுற்றவிடுங்கள். ஏசி செய்யும் பெரிய உபகாரம் ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிடுவதுதான், 18இல் வைத்து நடுங்கத் தேவையில்லை. ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் வகை, அறை குளிர்ந்த பிறகு குறைவாக இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 4 முதல் 7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 முதல் 420 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கான கட்டணமும் சேர்ந்து ஏறும், எனவே 490இல் நிற்பதும் 510இல் நிற்பதும் ஒன்றல்ல. வீட்டு உரிமையாளர் தனி சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று ஒரே கணக்காக வாங்குகிறாரா, அல்லது மின்வாரியப் பில்லையே உங்கள் கையில் தருகிறாரா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள். என் விஷயத்தில் இந்த வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 1,400 ரூபாய்.

5. குடிப்பது, உடுத்துவது

வெளிவேலையில் இருக்கும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொள்ளவும் கூடாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் ஆபத்து.

அதிகமாக வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பொடி. 20 கிராம் சொச்சம் உள்ள பாக்கெட் இருபது ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும், ஒரு முழு லிட்டரில் கரைக்கவேண்டும். டம்ளரில் பாதிப் பொடி போட்டுக் கெட்டியாகக் குடிப்பது தப்பு. கடை மேஜையில் பெட்டி பெட்டியாக இருந்த இனிப்புப் பழரசங்களும் அதே பெயரைப் போட்டுக்கொண்டு விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கேட்கும்போது உலகச் சுகாதார நிறுவனக் கலவைதானா என்று உறையில் பாருங்கள். பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். மற்றபடி உப்புப் போட்ட நீர்மோரை மிஞ்சியது எதுவுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர் பிரியச்செய்யும் மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவை வியர்வையையோ உடம்பின் நீரையோ பாதிக்கும். நீங்களாக நிறுத்தவேண்டாம், ஊர் மாறியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜீன்ஸை ஊரிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், தொடையிடுக்கில் படை வந்தால் (வரும்) மருந்துக்கடையில் கேட்டவுடன் தரும் கலவைக் களிம்பைப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் அரிப்பு நின்று, பிறகு மூன்று மடங்காகப் பரவும். அந்தக் கடைகளுக்கே ஆர்டர் எடுக்கிறவன் சொல்கிறேன்.

6. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை என்றால் உங்களுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும். சேர்ந்த முதல் வாரத்திலேயே காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அட்டையை அச்செடுத்து, தங்கியிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சொந்த ஊர் முகவரியில் கிடந்தால் அவசரத்துக்கு உதவாது. நோய்க்கால உதவித்தொகையாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, சந்தா கட்டிய நாள்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே வராது.

நான் போன கிளினிக்கில் கொடுத்த சீட்டில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் காய்ச்சலே இல்லை. அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பைச் சம்பளம் இல்லாத விடுப்பாக்கினார்கள். வெளியேறும் முன் சீட்டைப் படியுங்கள். வெப்பத் தளர்ச்சி என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள், நேரம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம் பதிவாகியிருக்கட்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வைத்திருக்கிறது. காரணம் தாளில் இல்லையென்றால் அங்கேயும் சிக்கல்தான்.

போனின் முன்திரையில் அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள்.

7. தளர்ச்சியா, வெப்பத்தாக்கா?

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, வழியும் வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு: இது தளர்ச்சி. நிழலுக்குப் போய்ப் படுங்கள், காலை உயர்த்துங்கள், ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வெப்பத்தாக்கு. உள்ளுடம்பு 40ஐத் தாண்டியிருக்கும். "வியர்க்குதே, அப்போ ஒண்ணுமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். புழுக்கத்தில் வேலை செய்து விழுகிறவர் தொப்பலாக நனைந்தபடியேதான் விழுவார். ஒருவர் 108ஐ அழைக்கட்டும், கட்டணம் இல்லை. வண்டி வரும்வரை இன்னொருவர் சட்டையைக் கழற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி விசிறட்டும். கடையில் ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றவேண்டாம், புரையேறும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு ரேஷன் அட்டையோ ஆதாரோ இல்லை என்று தயங்கி நிற்காதீர்கள், முதலில் உள்ளே கொண்டுபோங்கள்.

8. கத்திரி முடிந்த பிறகு

மே 28ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் முடியும். கோவையில் ஜூன் என்றால் சாரல். சென்னைக்குப் பெருமழை அக்டோபரிலிருந்துதான். ஜூன், ஜூலையும் புழுங்கும், செப்டம்பரும் புழுங்கும். விசிறியை விற்றுவிடாதீர்கள்.

திருவிழாவுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தால், பழகிய உடம்பு அதில் கணிசமான பகுதியை மறந்துவிடும். திரும்பி வந்த திங்கட்கிழமையே பழையபடி இருபத்தைந்து கடை என்று கிளம்பாமல், மூன்றாம் பகுதியில் சொன்ன மாதிரி மறுபடியும் படிப்படியாகக் கூட்டுங்கள். ஏற்கெனவே பழகியிருந்தவர் என்பதால் முதல் நாள் பாதி வேலை, நான்காம் நாள் முழு வேலை.